ஏரி வாய் திறந்தால் இறால்! வாய் மூடினால் பட்டினி!

வானம் கறுத்தால் விவசாயி மகிழ்கிறார். விதைத்த பயிர் பிழைக்கும் என்று நம்புகிறார்.

பழவேற்காட்டில் வானம் கறுத்தால் மீனவரும் மகிழ்கிறார்!

"தண்ணீரிலேயே பிழைப்பவருக்கு மழை எதற்கு? ஏரியில்தான் தண்ணீர் இருக்கிறதே!" என்று கேட்கத் தோன்றும்.

ஆனால், வயலுக்கு மழை எப்படியோ, அப்படியே இந்த ஏரிக்கும் மழை. மழை பெய்தால் ஏரியில் இறால் விளையும். மழை பொய்த்தால் வலை வெறுமனே திரும்பும். அடுப்பிலும் நெருப்பு குறையும்.

மழைக்கும் இறாலுக்கும் என்ன சம்பந்தம்? அது ஒரு சுவையான கதை.

இரண்டாவது பெரிய உப்பு ஏரி

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது பழவேற்காடு. பொன்னேரி வழியாகப் பஸ்ஸில் போகலாம்.

ஊரை ஒட்டிப் பரந்து கிடக்கிறது ஏரி. இந்தியாவில் உள்ள உவர்நீர் ஏரிகளில் முதலாவது ஒடிசாவில் உள்ள சிலிகா. இரண்டாவது இதுதான்.

ஏரியின் நீளம் ஏறத்தாழ 60 கிலோ மீட்டர். பெரும் பகுதி ஆந்திர மாநிலத்தில் இருக்கிறது. தென்கோடிப் பகுதி மட்டும் தமிழ்நாட்டில், திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது.

இவ்வளவு பெரிய ஏரிக்கு ஆழம் எவ்வளவு தெரியுமா? சராசரியாக ஒரு மீட்டர்தான்! பல இடங்களில் ஓர் ஆள் இறங்கி நடந்தே போகலாம்.

ஏரிக்குக் கிழக்கே வங்கக் கடல். இரண்டுக்கும் நடுவே நீண்ட மணல் திட்டு. ராக்கெட் விடும் ஸ்ரீஹரிகோட்டா இந்தத் திட்டில்தான் இருக்கிறது.

தெற்கே ஆரணி ஆறு ஏரியில் கலக்கிறது. வடக்கே காளங்கி, சுவர்ணமுகி ஆறுகளின் தண்ணீர் வந்து சேருகிறது. ஆற்று நீர் இனிப்பு. கடல் நீர் உப்பு. இரண்டும் கலந்த நீர்தான் ஏரி நீர்.

ஆழம் குறைவாக இருப்பதால் வெயில் அடிமண் வரை எட்டுகிறது. ஆறுகள் வண்டலைக் கொண்டு வருகின்றன. பாசியும் நுண்ணுயிர்களும் செழிக்கின்றன. அவற்றைத் தின்ன மீனும் இறாலும் நண்டும் வருகின்றன. அவற்றைப் பிடிக்க மனிதர் வருகிறார்கள்.

மணல் கதவு

கடலும் ஏரியும் சந்திக்கும் இடத்துக்கு முகத்துவாரம் என்று பெயர். பழவேற்காட்டுக்குக் கிழக்கே, கலங்கரை விளக்கத்துக்கு அருகே அது இருக்கிறது.

ஏரிக்கு அதுதான் வாய். மூக்கும் அதுதான்! கடல் பொங்கும்போது அந்த வழியாக நீர் உள்ளே வருகிறது. கடல் வற்றும்போது வெளியே போகிறது. நாள்தோறும் இரு முறை இப்படி ஏரி மூச்சு விடுகிறது.

இந்த வாய்க்கு மரக் கதவு இல்லை. இரும்புக் கதவு இல்லை. மணல்தான் கதவு!

வங்கக் கடலின் ஓரமாக மணல் ஓயாமல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. தென்காற்று வீசும் மாதங்களில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளுகின்றன. வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடக்கிலிருந்து தெற்கே தள்ளுகின்றன. வருஷம் முழுவதையும் கூட்டிக் கழித்தால், வடக்கே போகும் மணலே அதிகம்.

சென்னை மெரினா கடற்கரை இவ்வளவு அகலமானது எப்படி? இந்த மணல் ஓட்டத்தால்தான். 1870-களில் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். வடக்கே போன மணலைத் துறைமுகச் சுவர் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா பெருத்தது. மணல் கிடைக்காத வடக்குப் பக்கத்தில், ராயபுரம் கரையைக் கடல் அரித்தது.

அதே மணல்தான் பழவேற்காட்டு முகத்துவாரத்தில் வந்து குவிகிறது. ஏரியிலிருந்து வேகமாக நீர் வெளியே பாய்ந்தால், மணலை அது கடலுக்குள் தள்ளிவிடும். நீர் ஓட்டம் குறைந்தால் மணல் தங்கிவிடும். கதவு மெல்ல மெல்ல மூடும்.

நீர் ஓட்டத்தைப் பெருக்குவது எது? மழை!

இறாலின் பயணம்

கதவு மூடினால் மீனவருக்கு என்ன நஷ்டம்? அதைத் தெரிந்துகொள்ள இறாலின் கதையைக் கேட்க வேண்டும்.

வெள்ளை இறால் பிறப்பது ஏரியில் அல்ல, கடலில்! தாய் இறால் கடலில் லட்சக்கணக்கான முட்டைகளை இடுகிறது. ஒரே நாளுக்குள் குஞ்சு பொரிக்கிறது. அந்தக் குஞ்சு கண்ணுக்கே தெரியாது.

இரண்டு மூன்று வாரங்கள் அது கடல் நீரோட்டத்தில் மிதக்கிறது. பல முறை தோல் உரித்து உருமாறுகிறது. கடைசியில் ஊசி போன்ற சிறு இறாலாகிறது.

அப்போது அதற்கு ஒரு தொட்டில் வேண்டும். பெரிய மீன்கள் விழுங்காத இடம். இரை நிறைந்த இடம். அலை அடிக்காத இடம். அதுதான் ஏரி!

கடல் பொங்கும்போது குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் நுழைகின்றன. சேற்றிலும் பாசியிலும் பதுங்கி மேய்கின்றன. மூன்று நான்கு மாதங்களில் விரல் நீளம் வளர்கின்றன. பிறகு, முட்டையிட வேண்டிய பருவம் நெருங்கியதும், மறுபடியும் கடலுக்குப் புறப்படுகின்றன.

போகும் வழியில்தான் மீனவரின் வலை காத்திருக்கிறது.

மடவை, கொடுவா, பால்மீன் போன்ற மீன்களும் கடலுக்கும் ஏரிக்கும் இப்படிப் போய் வருகின்றன. ஆக, கடல்தான் விதை நெல். ஏரிதான் வயல். முகத்துவாரம்தான் மடை. மடை அடைத்துக்கொண்டால் விதை எப்படி வயலுக்கு வரும்?

மாதம் ஒரு கோலம்

விவசாயிக்குப் பட்டம் உண்டு. "ஆடிப் பட்டம் தேடி விதை" என்பார்கள். ஏரிக்கும் பட்டம் உண்டு.

ஐப்பசி, கார்த்திகை: வடகிழக்குப் பருவமழை கொட்டுகிறது. இந்தப் பகுதிக்கு வருஷ மழையில் பாதிக்கு மேல் இந்தப் பருவத்தில்தான் கிடைக்கிறது. ஆரணி ஆற்றில் வெள்ளம் வருகிறது. ஆந்திரத்தில் உள்ள பிச்சாட்டூர் அணை நிரம்பித் திறந்தால், அந்தத் தண்ணீரும் ஊத்துக்கோட்டை, பொன்னேரி வழியாக ஏரிக்கு வந்து சேருகிறது. ஏரி கடலைவிட உயர்ந்து நிற்கிறது. அந்த வேகத்தில் நீர் மணலை உடைத்துக்கொண்டு பாய்கிறது. கதவு திறந்தது!

மார்கழி, தை: மழை ஓய்கிறது. வாய் அகலமாகத் திறந்திருக்கிறது. கடல் நீர் தாராளமாக உள்ளே வருகிறது. இனிப்பும் உப்பும் அளவாகக் கலக்கின்றன. இறால் குஞ்சுகளுக்கு இதுவே நல்ல காலம்.

மாசி, பங்குனி: ஏரி தெளிந்து அமைதியாக இருக்கிறது. உள்ளே வந்த குஞ்சுகள் வளர்ந்து வலைக்கு வருகின்றன. சென்னைச் சந்தைக்கு ஐஸ் பெட்டிகள் போகின்றன.

சித்திரை, வைகாசி: வெயில் கொளுத்துகிறது. ஆறுகள் வறண்டுவிடுகின்றன. ஏரி நீர் ஆவியாகிறது. ஆனால் உப்பு ஆவியாகாது! ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். கோடையில் ஏரியின் சில பகுதிகளில் உப்பு அதையும் மிஞ்சிவிடுகிறது. கரையோரம் வறண்டு உப்புப் பூக்கிறது. நீர் சுருங்கச் சுருங்க மீனுக்கு இடமும் குறைகிறது, மூச்சும் குறைகிறது.

ஆடி, ஆவணி: தென்காற்று மணலைக் கொண்டு வந்து குவிக்கிறது. முகத்துவாரம் ஒடுங்குகிறது. சில வருஷங்களில் முற்றிலும் தூர்ந்துவிடுகிறது. அவ்வப்போது மாலையில் இடி மழை பெய்யும். அது வெப்பத்தைத் தணிக்கும். கதவைத் திறக்கப் போதாது.

புரட்டாசி: எல்லோரும் வடகிழக்கைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

இப்படி ஒரு சக்கரம். மழை தவறினால் சக்கரம் நின்றுவிடும்.

மழை மிஞ்சினாலும் கஷ்டம்

அப்படியானால் மழை எவ்வளவு பெய்தாலும் நல்லதா? அதுவும் இல்லை!

வெள்ளம் மிஞ்சினால் ஏரி முழுவதும் இனிப்பு நீராகிவிடும். பாதி வளர்ந்த இறால்களை வெள்ளம் கடலுக்கு அடித்துக்கொண்டு போகும். நீர் வேகத்தில் வலை கட்டும் கழிகள் நிற்கமாட்டா. கரையில் காயும் கருவாடு நனைந்து புழுத்துவிடும். குடிசைக்குள்ளும் தண்ணீர் புகும்.

அடுத்தடுத்து வந்த இரண்டு ஆண்டுகள் இதற்கு நல்ல உதாரணம்.

2015-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பரில் சென்னையையும் சுற்று வட்டாரத்தையும் பெருவெள்ளம் மூழ்கடித்தது. அடுத்த ஆண்டே நிலைமை தலைகீழ்! 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. தமிழ்நாட்டில் சராசரியாக 44 சென்டி மீட்டர் பெய்ய வேண்டிய பருவத்தில், சுமார் 17 சென்டி மீட்டர்தான் பெய்தது. போதாக்குறைக்கு டிசம்பர் 12-ந் தேதி 'வர்தா' புயல் சென்னை அருகே கரையைக் கடந்து பெரும் சேதம் விளைவித்தது.

ஒரு வருஷம் வெள்ளம். மறு வருஷம் வறட்சி! வயலும் ஏரியும் இதை ஒன்றாகவே தாங்கின.

இதற்குக் காரணம் வெகு தூரத்தில் இருக்கிறது. பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் சில ஆண்டுகளில் வழக்கத்தைவிடச் சூடாகின்றன. அதை 'எல் நினோ' என்கிறார்கள். அந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஐப்பசி மழை கூடுகிறது. 2015 அப்படிப்பட்ட ஆண்டு. அந்தக் கடல் குளிர்ந்தால் பெரும்பாலும் நமக்கு மழை குறைகிறது. எங்கோ ஒரு கடல் சூடானால், பழவேற்காட்டில் ஒரு வலை கனக்கிறது அல்லது காலியாகிறது!

இடத்துக்கும் முறை உண்டு

விளைச்சல் குறைந்தால் சண்டை வருவது இயற்கை. அதைத் தடுக்கப் பழவேற்காட்டு மீனவர்கள் பல தலைமுறைக்கு முன்பே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் 'பாடு'.

முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டப் பகுதிதான் இறால் அதிகமாகச் செல்லும் வழி. அங்கே கழிகளை நட்டு வலை கட்டினால் நல்ல வருமானம். ஆனால் இடம் கொஞ்சம், ஆட்கள் அதிகம்.

எனவே, உரிமை உள்ள குடும்பங்களைக் குழுக்களாகப் பிரிக்கிறார்கள். யாருக்கு எந்த இடம் என்று சீட்டுப் போட்டு எடுக்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை வேறு இடம். வலுத்தவருக்கு ஓர் இடம், இளைத்தவருக்கு ஓர் இடம் என்பது கிடையாது.

இறால் இருட்டை விரும்பும். இரவில்தான் வெளியே வந்து நகரும். அமாவாசையை ஒட்டிய நாட்களில் இருட்டும் அதிகம். நீர் ஏற்ற வற்றமும் அதிகம். ஆகவே அந்த நாட்களில் யாருக்குப் பாடு என்பது பெரிய விஷயம்.

ஆனால் முகத்துவாரம் தூர்ந்துவிட்டால்? நீரோட்டம் இல்லை. நீரோட்டம் இல்லாவிட்டால் இறால் நகராது. எந்தச் சீட்டு விழுந்தாலும் வலை காலிதான்!

பல்லில் கவ்விய பறி

வலையும் படகும் இல்லாதவர்களும் இந்த ஏரியை நம்பி இருக்கிறார்கள். அவர்கள் இருளர் இன மக்கள்.

இருளர் பெண்கள் மார்பளவு நீரில் இறங்குகிறார்கள். சேற்றைக் கையால் துழாவி இறாலைப் பிடிக்கிறார்கள். பிடித்த இறாலைப் போட ஓலையில் பின்னிய பறி வைத்திருக்கிறார்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால், பறியைப் பல்லில் கவ்விக்கொள்கிறார்கள்!

வானிலை மாறினால் முதல் அடி விழுவது இவர்களுக்குத்தான். வெள்ளம் வந்தால் ஆழத்தில் இறங்க முடியாது. கோடையில் நீர் வற்றினால் இறால் இருக்காது. அன்றன்று பிடித்து அன்றன்று விற்றுச் சோறாக்கும் குடும்பங்கள் அவை.

ஏரி வற்றும் மாதங்களில் மீனவர் வீடுகளிலும் கடன் ஏறுகிறது. மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறார்கள். பிறகு பிடிக்கும் மீனை அவருக்கே கொடுக்க வேண்டியிருக்கிறது. இளைஞர் சிலர் கூலி வேலை தேடிச் சென்னைப் பக்கம் போகிறார்கள்.

கடலுக்குப் போகிறவர்களுக்கும் தொல்லைதான். ஏரிக்கரையில் படகு கட்டுகிறவர்கள் முகத்துவாரம் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். வாய் தூர்ந்தால் படகு மணலில் தட்டும். குறுகிய வழியில் அலை புரண்டு படகு கவிழும் ஆபத்தும் உண்டு.

அக்கரையில் நெல்

ஏரியைத் தாண்டி மேற்கே போனால் நெல் வயல்கள். பொன்னேரி, மீஞ்சூர் பக்கத்தில் சம்பாவும் நவரையும் விளைகின்றன.

அங்கேயும் இதே மழைதான் எசமான். ஐப்பசி மழை சம்பாவைக் காப்பாற்றுகிறது. கதிர் முற்றும்போது புயல் மழை வந்தால் பயிர் சாய்கிறது. மழை குறைந்தால் கிணற்றை நம்ப வேண்டும்.

கிணற்றிலும் ஓர் ஆபத்து காத்திருந்தது. நிலத்தடி நீரை அளவுக்கு மிஞ்சி இறைத்தால், காலியான இடத்துக்குக் கடல் நீர் நுழைந்துவிடும். மீஞ்சூர் பகுதியில் இப்படி உப்பு நீர் நுழைந்திருப்பதை 1969-ஆம் ஆண்டிலேயே கண்டுபிடித்தார்கள். பிறகு அது பல கிலோ மீட்டர் உள்ளே போய்விட்டது.

ஏரிக்கு உப்பு நீர் வராவிட்டால் கேடு. வயலுக்கு உப்பு நீர் வந்தால் கேடு. இரண்டையும் அதனதன் இடத்தில் நிறுத்தி வைப்பது நல்ல மழை ஒன்றுதான்!

பூநாரை சொல்லும் சேதி

மழைக்காலம் வந்ததும் ஏரிக்கு விருந்தாளிகளும் வருகிறார்கள். நீண்ட கால், வளைந்த அலகு, வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த உடல். அவைதான் பூநாரைகள்!

பூநாரை ஆழத்தில் மேயாது. கால் ஊன்றி நிற்கும் அளவுக்கு நீர் இருக்க வேண்டும். அலகைத் தலைகீழாக நீருக்குள் விட்டு, பாசியையும் சிறு உயிர்களையும் சலித்துத் தின்னும். நீர் மிக உயர்ந்தாலும் இதற்கு இரை எட்டாது. ஏரி வறண்டாலும் இரை இல்லை.

ஆந்திரப் பகுதியில் உள்ள நேலப்பட்டில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. குஞ்சுக்கு மீன் தேடி அவையும் இந்த ஏரிக்கே வருகின்றன. 1976-இல் ஆந்திரத்திலும், 1980-இல் தமிழ்நாட்டிலும் ஏரி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

பறவைக் கூட்டம் நிறைந்திருந்தால் ஏரி நலமாக இருக்கிறது என்று அர்த்தம்.

கூண்டு ஏறினால் வலை இறங்கும்

மழையைக் கொண்டு வரும் அதே வடகிழக்குப் பருவம்தான் புயலையும் கொண்டு வருகிறது.

பழைய காலத்திலிருந்தே இந்தப் பயம் உண்டு. டச்சுக்காரர்கள் 1613-இல் பழவேற்காட்டில் 'கெல்டிரியா' என்ற கோட்டையைக் கட்டி வாணிகம் செய்தார்கள். அந்தக் காலத்துப் பாய்மரக் கப்பல்கள் ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கரையோரம் நங்கூரமிட அஞ்சின.

1984 நவம்பரில் கடும் புயல் ஒன்று ஸ்ரீஹரிகோட்டா அருகே கரையைக் கடந்தது. 2023 டிசம்பரில் 'மிக்ஜாம்' புயல் இந்தக் கரையை ஒட்டியே வடக்கே சென்று பெருமழை கொட்டியது.

இப்போது வானிலை இலாகா பல நாட்களுக்கு முன்பே எச்சரிக்கை தருகிறது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுகிறார்கள். ஐதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையம் அலையின் உயரத்தையும் காற்றின் வேகத்தையும் செல்போனுக்கே அனுப்பி வைக்கிறது. "கடலுக்குப் போகாதே" என்ற சேதி வந்தால் படகுகள் கரையில் நிற்கின்றன. உயிர் பிழைக்கிறது. ஆனால் அன்றைய வருமானம் போய்விடுகிறது.

கதவைத் திறப்பது யார்?

மழை வந்து திறக்கும்வரை சும்மா இருப்பதா? மீனவர்கள் சும்மா இருப்பதில்லை. வாய் தூரும் வருஷங்களில் ஊர் கூடி மண்வெட்டியும் கூடையுமாகப் போய் மணலை வெட்டியிருக்கிறார்கள். இயந்திரம் வைத்தும் தோண்டியிருக்கிறார்கள். சில மாதங்களில் அலை மறுபடியும் மணலைக் கொண்டு வந்து கொட்டிவிடுகிறது!

நிரந்தரமாகத் திறந்து வைக்க முடியாதா? முகத்துவாரத்தின் இரு பக்கமும் கடலுக்குள் கற்சுவர் கட்டி, நடுவே ஆழப்படுத்த, சுமார் 27 கோடி ரூபாய் செலவில் தமிழக அரசாங்கம் ஒரு திட்டம் வகுத்தது. மணலைச் சுவர் தடுக்கும். நீர் நடுவே ஓடும் என்பது அதன் கருத்து. சுவர் ஓரிடத்தில் மணலைத் தடுத்தால் வேறோர் இடத்தைக் கடல் அரிக்கக்கூடும். மெரினாவும் ராயபுரமும் கற்றுத் தந்த பாடம் அது. ஆகவே கணக்குப் பார்த்துக் கட்ட வேண்டிய சுவர்!

வாய் திறந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சிலிகா ஏரி சாட்சி. அங்கேயும் முகத்துவாரம் தூர்ந்து மீன் குறைந்தது. 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் புதிய வாய் ஒன்றை வெட்டித் திறந்தார்கள். உப்பும் இனிப்பும் மறுபடி கலந்தன. சில ஆண்டுகளிலேயே மீன் வரத்து பல மடங்கு பெருகியது!

ஆனால் வாய் மட்டும் திறந்தால் போதாது. ஆற்றிலிருந்து நல்ல தண்ணீரும் வர வேண்டும். ஆறும் கால்வாயும் அடைபட்டால், பெய்த மழையும் ஏரிக்கு வந்து சேராது. வண்டல் படிந்து ஏரி மேடாகிக்கொண்டே போனால், தண்ணீர் நிற்கவும் இடம் இராது.

மழையை வரவழைக்க மனிதனால் முடியாது. வந்த மழைக்கு வழி விட முடியும். விவசாயி மழைக்கு முன்பே வரப்பைச் சீர் செய்கிறார். மடையைத் தூர் எடுக்கிறார். பழவேற்காட்டு ஏரிக்கும் அந்த வேலைதான் தேவை.

அடுத்த முறை வீட்டில் இறால் குழம்பு கொதிக்கும்போது, அந்த மணத்தில் ஐப்பசி மழைக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை நினைத்துக்கொள்ளலாம்!